வன்னியிலிருந்து ஒரு கூட்டு ஒன்லைன் பாடத்தை முன்மொழிவது எப்படி

முதலில் ஆளைப் பிடியுங்கள், படிவம் பிறகு. நீங்கள் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி விவசாய பீடத்திலோ இருந்தால், அதே பாடம் படிப்பிக்கிற வெளிநாட்டு விரிவுரையாளர் ஒருவரோடு பேசி, இரண்டு பக்க மாணவரும் சேர்ந்து செய்கிற ஒரு வேலையை முடிவு செய்யுங்கள், இரணைமடுக் குளத்து நீர்ப் பங்கீட்டை மதுரைப் பக்கக் கண்மாய்களோடு ஒப்பிடுவது மாதிரி. முன்மொழிவின் உயிரே அதுதான்.

அப்புறம் கிரெடிட், அதாவது ஒரு பாடத்துக்கு எவ்வளவு படிப்பு என்று காட்டுகிற அலகு. இலங்கையில் 1 கிரெடிட் என்றால் 50 கற்றல் மணித்தியாலம், ஐரோப்பாவில் 25 முதல் 30, ஆகவே மணித்தியாலத்தையே எழுதுங்கள். தமிழ்நாட்டோடு என்றால் நேர வித்தியாசம் இல்லை, பெரிய வசதி. நேரலையைக் குறைத்துப் பதிவுகளை வையுங்கள், பாவம், பல பிள்ளைகள் போன் டேட்டாவில்தான் படிக்கிறார்கள். புள்ளி யார் போடுவது என்பதையும் எழுதிவிட்டே பீடச் சபைக்கும் மூதவைக்கும் (பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபை, செனட்) அனுப்புங்கள்.