தவணையில் ஃபிளாட் வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வங்கிக் கடனுக்கு அலையாமல், விற்பவரிடமே மாதாமாதம் கட்டி ஃபிளாட் வாங்குவது நல்ல வழிதான். ஆனால் மொத்தப் பணத்துக்கு வாங்கினால் பணம் போவதும் பத்திரம் வருவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். தவணையில் வாங்கினால் இரண்டுக்கும் நடுவே சில வருடங்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் எனக்கு என்ன பாதுகாப்பு? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

படி 1: வீடு எப்போது உங்கள் பெயருக்கு மாறும்?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிரயப் பத்திரம் இப்போதே பதிவாகிவிடும், பாக்கித் தொகைக்கு வீடு பிணையாக நிற்கும். இந்தியாவின் 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55வது பிரிவில், விற்றவருக்கு இந்தப் பிணை உரிமையைத் தருகிறது. மற்றதில் கடைசித் தவணை முடிந்த பிறகே பத்திரம். அதுவரை கையில் இருப்பது வெறும் விற்பனை ஒப்பந்தம். அது தானாகச் சொத்தில் எந்த உரிமையும் தராது என்று அதே சட்டத்தின் 54வது பிரிவு சொல்கிறது.

முதல் வகையைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையா, சரி, ஒப்பந்தத்தையாவது பதிவு செய்த பிறகே முன்பணம் கொடுங்கள். பதிவு இல்லாவிட்டால் அதே வீட்டை அவர் இன்னொருவருக்கு விற்றாலும், வாங்குகிறவருக்கு உங்களைப் பற்றித் தெரிய வழியில்லை.

படி 2: வில்லங்கம் பாருங்கள்

விற்பவர் பெயரில்தான் வீடு இருக்கிறதா, பங்காளிகளும் வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். அப்புறம் முக்கியமானது, வீட்டின் மேல் இருக்கும் பழைய கடன். நீங்கள் தவணை தவறாமல் கட்டுவீர்கள், அவர் வங்கிக்குக் கட்டாமல் விட்டுவிடுவார். வங்கி வந்து கைவைப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டில்தான். அதனால் வங்கியிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். உங்கள் தவணையில் ஒரு பகுதி நேராக அந்தக் கடன் கணக்குக்கே போகும்படி எழுதச் சொல்லுங்கள்.

படி 3: தவணை அட்டவணை

தேதி, தொகை, வட்டி உண்டா இல்லையா, முன்கூட்டியே கட்டி முடிக்கலாமா என எல்லாம் அட்டவணையாக ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம்.

படி 4: தவணை தவறினால்?

பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் இதுதான். பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஒரு தவணை தவறினாலும் ஒப்பந்தம் ரத்தாகும். செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது."

கணக்குப் போட்டுப் பாருங்கள். விலையில் 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் 28 தவணைகளில், அதாவது தவணைக்கு 2.5 சதவீதம். 20 தவணை முடிந்தபோது 80 சதவீதம் கட்டியிருப்பீர்கள். 21வது தவணையன்று உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், அந்த இரண்டு வரி மொத்தத்தையும் விழுங்கிவிடும். எல்லாச் சட்டமும் இதை அப்படியே விடுவதில்லை. ரஷ்யச் சிவில் சட்டத்தின் 489வது பிரிவின்படி, பாதி விலைக்கு மேல் கட்டிவிட்டவரிடம், தவணை தவறியதைச் சொல்லி விற்றவர் பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனாலும் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காமல், நீங்களே எழுதிக் கேளுங்கள்: எழுத்து மூலம் அறிவிப்பு, அதன்பின் 60 நாள் அவகாசம், ரத்தானால் குறிப்பிட்ட ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை இத்தனை நாளுக்குள் திருப்பித் தருவது. இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள் என்பேன்.

படி 5: நடுவில் வருபவை

சாவி எப்போது, வரியும் பராமரிப்புக் கட்டணமும் காப்பீடும் யார் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் இறந்துபோனால் ஒப்பந்தம் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 6: கடைசித் தவணைக்குப் பிறகு

"பாக்கி இல்லை" என்று விற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முதல் வகை என்றால் பிணை நீக்கத்தைப் பதிவு செய்யுங்கள், இரண்டாவது என்றால் கிரயப் பத்திரத்தை. சில வாரம் கழித்து வில்லங்கச் சான்றை, அதாவது வீட்டின் மேல் பதிவான பத்திரங்கள், கடன்களின் பட்டியலை எடுத்து, அதில் வீடு உங்கள் பெயருக்கு மாறியது பதிவாகியிருக்கிறதா, தீராத பிணை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.