அமீகோ எந்த ஊர்? அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டெக்சஸ் வந்த இரண்டாவது வாரம், டல்லாஸ் பக்கம் ஒரு கடையில் பச்சை மிளகாய் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டி வயதில் ஒரு அம்மா என் தோளைத் தட்டி, மேல்தட்டைக் காட்டி, கடகடவென்று ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். நான் திருதிருவென்று விழிக்க, அதையே இன்னும் சத்தமாகக் கேட்டார். டப்பாவை எடுத்துத் தரச் சொல்கிறார் என்று ஒருவழியாகப் புரிந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டேதான் போனார். சொந்த மொழியை மறந்த பையன் என்று நினைத்திருப்பார். உங்களுக்கும் இது நடக்கும், நம் நிறமும் முகமும் அப்படி. கோபப்படாதீர்கள், "லோ சியெந்தோ, நோ ஆப்லோ எஸ்பான்யோல்" என்று ஒரு வரி கற்றுக்கொள்ளுங்கள். மன்னிக்கணும், எனக்கு ஸ்பானிஷ் வராது என்று அர்த்தம்.

2020 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்கள், 6.2 கோடிப் பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனால் ஐடி வேலைக்கு வரும் நம் ஆட்கள் பலருக்கு அவர்கள் புல் வெட்ட வருபவர், வீடு துடைக்க வருபவர், உணவகச் சமையலறையில் நிற்பவர், அவ்வளவுதான். பெயர் 'அமீகோ' (ஸ்பானிஷில் நண்பர்), ஊர் 'மெக்சிகோ'. அவர்களில் ஐந்தில் மூன்று பேர் மெக்சிகோ வம்சாவளி என்பதால் இந்த ஊகம் பாதி நேரம் சரியாக அமைந்துவிடுகிறது, அதனால்தான் பழக்கம் போவதே இல்லை. மீதி இரண்டு பேர் புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், டொமினிகன் குடியரசு, குவாத்தமாலா, கொலம்பியா, ஹோண்டுராஸ், வெனிசுவேலா என்று எங்கிருந்தும் இருக்கலாம். ஹோண்டுராஸ்காரரை மெக்சிகன் என்பது, யாழ்ப்பாணத்துக்காரரிடம் இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்பது போல. இல்லை, நம்மிடம் "உங்கள் ஹிந்தி நன்றாக இருக்குமே" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிஸ்பானிக், லத்தீனோ என்று இரண்டு சொற்கள் அடிபடும். ஸ்பானிஷ் மொழி சார்ந்தது ஹிஸ்பானிக், லத்தீன் அமெரிக்க மண் சார்ந்தது லத்தீனோ. அதனால் பிரேசில்காரர் லத்தீனோ, ஹிஸ்பானிக் இல்லை, ஸ்பெயின்காரர் நேரெதிர். இரண்டுமே இனத்தின் பெயர் இல்லை, வெள்ளையர், கறுப்பர், மாயா பழங்குடியினர் எல்லாரும் இதற்குள் உண்டு. நேரில் பேசும்போது இந்தக் குடைச்சொற்களே வேண்டாம், பெரும்பாலானவர்கள் நாட்டுப் பெயரைத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். டெக்சஸுக்கு முன்னால் நியூ ஜெர்சியில் ஒரு வருடம் இருந்தேன். அங்கே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் புவேர்ட்டோ ரிக்கோ. நாம் சந்தித்த ஐந்தாவது நிமிடம் விசாக் கதை பேசுகிற கூட்டம்தானே, நானும் பாசமாக, "கிரீன் கார்டு வந்துவிட்டதா?" என்று கேட்டேன். மனிதர் சிரித்தார், ஆனால் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. 1898 போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த தீவு அது, 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவருடைய தாத்தாவே பிறக்கும்போதே குடிமகன். தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, நியூ ஜெர்சிக்குக் குடிவந்தால் போடலாம், இந்தக் கூத்தையும் அவர்தான் விளக்கினார். இப்போது தீவில் இருப்பவர்களைவிட இந்தப் பக்கம் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள்தான் அதிகம்.

ஆக, முதல் விதி: குடியேற்றக் காகிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். விசா எச்1பியா எல்1ஆ, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஆச்சா என்பது நமக்குள் வானிலை பேசுவது மாதிரி. அவர்களுக்கு அது மிரட்டலாகக் கேட்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்குக் காகிதம் இருக்காது, அம்மாவுக்குத் தற்காலிகமாகத் தங்கும் அனுமதி இருக்கும், பிள்ளைகள் இங்கே பிறந்த குடிமக்கள். "எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்பதும் டெக்சஸில் காலை வாரும். 1845-இல் டெக்சஸ் சேர்ந்து, 1848 ஒப்பந்தத்தோடு மெக்சிகோவின் வடபாதி அமெரிக்காவானபோது அங்கேயே குடியிருந்தவர்களின் வாரிசுகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். "நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது" என்பார்கள். ஐந்தாறு தலைமுறையாக இருப்பவருக்கு ஸ்பானிஷே வராமல் இருக்கலாம், அதைக் கிண்டல் செய்யாதீர்கள். நாளைக்கு நம் பிள்ளைகளின் தமிழும் அந்த லட்சணத்தில்தான் இருக்கப் போகிறது.

மயாமி போகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் ஆட்டோ முதுகிலும் டீ-ஷர்ட்டிலும் சே குவேரா சிரித்துக்கொண்டிருப்பார், நாமும் அந்தச் சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருப்போம். அதைப் போட்டுக்கொண்டு கியூபாக்காரர்கள் வாழும் லிட்டில் ஹவானா பக்கம் போய்விடாதீர்கள். சே பங்கெடுத்த 1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு வீடு, கடை எல்லாம் பறிபோய், சொந்தக்காரர் சிறையில் இருக்க, ஒரு பெட்டியோடு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 1980-இல் மரியேல் துறைமுகத்திலிருந்து மட்டும் சுமார் 1,25,000 பேர் படகில் வந்தார்கள். அவர்களுக்கு அந்த முகம் போராளியின் முகம் இல்லை. உங்கள் அரசியல் எதுவாக இருந்தாலும் சரி, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் அந்த வாக்குவாதம் வேண்டாம். இன்னொன்று, 1966 சட்டம் ஒன்றினால் கியூபாக்காரர்களுக்குக் கிரீன் கார்டு வழி மற்றவர்களைவிட எளிதாக இருந்தது, அதில் மற்ற லத்தீனோக்களுக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல் உண்டு. பத்து பதினைந்து வருடம் வரிசையில் நிற்கும் நமக்கு அது புரியாதா என்ன! ஆனால் அங்கே கண்ணாடி ஜன்னல் கடைகளில் 'கொலாடா' வாங்கிக் குடிக்கத் தவறாதீர்கள். ஒரு கப் சர்க்கரைக் கள்ளிச்சொட்டுக் காபி, கூடவே விரல் உயரத்தில் குட்டிக் குட்டிக் கோப்பைகள், அலுவலகமே பகிர்ந்து குடிக்கும். நம் ஒன்-பை-டூ அங்கே ஒன்-பை-சிக்ஸ்.

எல் சால்வடோர்க்காரர்கள் வாஷிங்டன் வட்டாரத்தில் அதிகம், இங்கே டெக்சஸிலும் நிறைய. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களில் தொடங்கியது அந்தக் குடியேற்றம். என் ஈழத்து நண்பர் ஒருவரும் அவர் தெருவில் இருக்கும் சால்வடோர்ப் பெரியவரும் உடைந்த ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள், செக்போஸ்ட், ஆள் காணாமல்போவது, இரவில் கதவு தட்டும் சத்தம், இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. டொமினிகன்காரர்களைப் பார்க்க நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் போங்கள், பச்சாட்டா பாட்டு காதைப் பிளக்கும். அவர்களுக்கும் கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, வெனிசுவேலாக்காரர்களுக்கும் பேஸ்பால்தான் உயிர்; மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவில் பெரும்பாலான நாடுகளும் கால்பந்து. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நாம் முதல் கூட்டத்தோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்தியக் கடை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று அழுகிறவர்கள் முதலில் பக்கத்து மெக்சிகன் கடைக்குப் போங்கள். சௌசௌ அவர்கள் ஊர்க்காய், நாம்தான் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். மெக்சிகோவில் சயோத்தே, சால்வடோர், குவாத்தமாலாவில் குவிஸ்கில், டொமினிகனில் தயோத்தா. வெல்லம் 'பிலோன்சியோ' என்ற பெயரில் கூம்பு கூம்பாகக் கிடைக்கும், கொலம்பியாக்காரர் 'பனேலா' என்பார், பொங்கலுக்குத் தாராளமாகப் போடலாம். மரவள்ளி 'யூக்கா'. காரத்துக்கு ஹாலபெனோவை நம்பாதீர்கள், செரானோ மிளகாய்தான் நம் பச்சை மிளகாய்க்குக் கிட்டே வரும். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'அரோஸ் கோன் கந்தூலெஸ்' என்ன தெரியுமா? துவரைச் சோறு! கந்தூலெஸ் என்பது பச்சைத் துவரைதான், இந்தியாவில் பிறந்து ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியன் தீவுகளுக்குப் போன பயிர். டப்பாவில் கிடைக்கும், சாம்பாருக்கு ஆகாது, பொரியலுக்கு ஆகும்.

ஆனால் எல்லார் சாப்பாடும் காரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காரம் மெக்சிகோ சமாசாரம். கியூபா, டொமினிகன், புவேர்ட்டோ ரிக்கோ சமையலில் பூண்டு, வெங்காயம், வாழைக்காய் வறுவல் என்று எல்லாம் இருக்கும், மிளகாய் மட்டும் தேடினாலும் கிடைக்காது. கியூபாவில் கருப்பு பீன்ஸ், மெக்சிகோவின் வடக்கில் பழுப்பு பிண்டோ பீன்ஸ். சால்வடோரின் 'புப்பூசா' சோளமாவில் உள்ளே பூரணம் வைத்துத் தட்டிச் சுடுவது, கூடவே புளித்த முட்டைக்கோஸ் வரும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும்.

சைவர்கள் கவனிக்க: "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்குக் கார்னே என்றால் மாட்டிறைச்சி, கோழி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நல்ல மனதோடு சிரிப்பார்கள். போயோ (கோழி), ஹமோன் (பன்றித் தொடை), இரண்டையும் சேர்த்து மறுக்க வேண்டும். பீன்ஸில் மந்தேக்கா என்ற பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, சோறு கோழிச் சாற்றில் வெந்ததா என்றும் கேளுங்கள். நான் கேட்காமல் ஆறு மாதம் சாப்பிட்டேன்.

மொழியில் நமக்கு ஒரு லாபம், நீ, நீங்கள் இரண்டும் அவர்களிடமும் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். கரீபியன்காரர்கள் பார்த்த உடனே 'தூ' போட்டுவிடுவார்கள். கொலம்பியாவின் பொகோட்டாக்காரர் பெற்ற பிள்ளையையே 'உஸ்தேத்' என்று கூப்பிடுவதுண்டு. மத்திய அமெரிக்காவில் நெருக்கமானவர்களுக்கு 'வோஸ்' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெரியவர்களிடம் 'உஸ்தேத்' சொல்லிவிடுங்கள், தப்பே வராது. சொற்கள்தான் ஊருக்கு ஊர் கண்ணிவெடி. 'வாவா' கியூபாவில் பேருந்து, பெருவில் கைக்குழந்தை. கியூபாக்காரர் கடையில் 'பப்பாயா' கேட்காதீர்கள், அது அவர்களுக்குக் கெட்ட வார்த்தை, 'ஃப்ரூத்தா போம்பா' என்று கேட்க வேண்டும். மெக்சிகோக்காரர் 'அஓரீத்தா' வருகிறேன் என்றால், அது நாம் "தோ, வந்துட்டேன்" என்று குளியலறையிலிருந்து சொல்வது மாதிரி. பெயரும் பாருங்கள், அப்பா குடும்பப் பெயர் முதலில், அம்மாவுடையது அடுத்து. ஹுவான் கார்சியா லோப்பேஸ் என்றால் அவர் திரு. கார்சியா, லோப்பேஸ் இல்லை. இனிஷியலை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் அல்லாடும் நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல.

விசேஷம் என்றால் கூப்பிடுவார்கள், போங்கள். பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆனால் 'கின்சியன்யேரா', தேவாலயத்தில் பூசை, பெரிய கவுன், மண்டபம், நடனம். முதலில் பார்த்தபோது நம் சடங்கு வீட்டு ஞாபகம்தான் வந்தது. கேக் ஒருவர், கவுன் ஒருவர் என்று 'பத்ரீனோ'க்கள் (ஞானப்பெற்றோர்) ஏற்றுக்கொள்வது மாமன் சீர் கணக்கு. ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் ஏழரைக்குத்தான் களைகட்டும், இதற்கு உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை. நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோக்காரர் வீட்டில் இறந்தவர் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததை எல்லாம் படையல் வைப்பார்கள், சிலர் பீர்கூட வைப்பார்கள். அது ஹாலோவீன் இல்லை, அமாவாசைப் படையல் மாதிரி. புவேர்ட்டோ ரிக்கோக்காரரிடம் போய் அதற்கு வாழ்த்துச் சொன்னால் விழிப்பார். மே 5 மெக்சிகோவின் சுதந்திர தினமும் இல்லை, அது 1862-இல் பிரெஞ்சுப் படையைப் புவேப்லாவில் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. எல்லாரும் கத்தோலிக்கர் என்றும் நினைக்காதீர்கள், குவாத்தமாலா, சால்வடோர் வீடுகளில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் மதுவைத் தொடாதவர்கள் நிறைய. கையில் பீரோடு போய் நிற்காமல் பழமோ இனிப்போ கொண்டுபோங்கள்.

வேலைக்கு வருபவர்களிடம் பேரம் பேசுவதில் நமக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வெயிலில் புல் வெட்டுகிறவருக்குத் தண்ணீர் கொடுங்கள், பேசிய பணத்தைக் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் இளைஞர் ஒருவரிடம், செயலி வைத்து மூன்று மாதம் கற்ற ஸ்பானிஷை ஒரு நாள் எடுத்துவிட்டேன். நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். எனக்காக மெதுவாகப் பேசுகிறார் என்று நினைத்தால், இல்லை, அவருக்கும் அது இரண்டாவது மொழியாம். குவாத்தமாலா மலைப்பக்கம், வீட்டில் பேசுவது மாம், மாயா மொழிகளில் ஒன்று.

ஊர் கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். முதலில் நம் ஊரைச் சொல்லிவிட வேண்டும். நான் தெற்கு இந்தியா, ஹிந்தி எங்கள் மொழி இல்லை, எங்கள் ஊரில் இதைச் சாப்பிடுவோம் என்று ஆரம்பித்தால் அவர்களே ஊர், பாட்டி, ஆறு எல்லாம் சொல்வார்கள். பக்கத்து வீட்டு சால்வடோர் அம்மா அப்படித்தான் பழக்கமானார். வேலிக்கு மேலே ஒரு பை குவிஸ்கில் நீட்டினார், பதிலுக்கு என் மனைவி அதையே கூட்டாகச் செய்து அனுப்பினாள். மறுநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, உப்பு சரி, தேங்காயும் சரி, சீஸ் எங்கே என்று கேட்டார்.