கானாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வேலைக்கு நடுவே நாட்டையும் பாருங்கள்

அக்ராவிலோ தேமாவிலோ வேலைக்கு வந்து இறங்கியாயிற்று. வீடு, குடியிருப்பு அட்டை, பிள்ளைகளின் பள்ளி, உளுந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் எப்படியும் சில வாரங்களில் சரியாகிவிடும், நம்மவர்கள் யாராவது உதவிக்கு வந்துவிடுவார்கள். நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடப்பதைப் பற்றி. ஆபீஸ், வீடு, இந்தியக் கடை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் என்று வருடங்கள் ஓடிவிடும், ஒப்பந்தம் முடிந்து பெட்டி கட்டும்போதுதான் இந்த நாட்டில் எதையுமே பார்க்கவில்லையே என்று உறைக்கும். அப்படிப் புலம்பிய பல குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் முதல் வருடத்திலேயே கிளம்புங்கள்.

எப்போது போவது? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வரும். தூசி மூடி, தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது, உதடு வெடிக்கும், ஆஸ்துமா இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் மழை இல்லாததால் சாலை நன்றாக இருக்கும், வடக்கே விலங்குகள் பார்க்க அதுதான் சரியான காலம். தெற்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை பலத்த மழை. அருவி பார்க்க வேண்டுமானால் மழைக்குப் பிறகு போங்கள். எந்த மாதமானாலும் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகள் நிறைய.

முதலில் போக வேண்டியது கடற்கரைக் கோட்டைகளுக்கு. அக்ராவிலிருந்து மேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் கேப் கோஸ்ட், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்மினா. கசோவா நெரிசலில் மாட்டாமலிருக்க விடியும் முன்பே புறப்படுங்கள். எல்மினா கோட்டையை போர்த்துக்கீசியர்கள் 1482இல் கட்ட ஆரம்பித்தார்கள், அதாவது வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து சேர்வதற்கு 16 வருடம் முன்பு. தங்கத்துக்காகக் கட்டிய கோட்டை அது, பிறகு மனிதர்களை வாங்கி அடைத்து வைக்கும் இடமானது. 1637இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1872இல் ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்தக் கரையில் உள்ள கோட்டைகள் மொத்தமாக 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கோட்டையில் நீங்களாகவே சுற்றாதீர்கள். கட்டணத்தோடு ஒருவர் கூட வந்து காட்டுவார், அவர் சொல்வதைக் கேட்டால்தான் அந்தச் சுவர்கள் புரியும். எல்மினாவில் பெண்களை அடைத்த முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் ஆளுநரின் மாடி முகப்பு தெரியும். அங்கே நின்றுதான் கீழே நிற்கிற பெண்களில் ஒருத்தியைக் கை காட்டுவார்களாம், மறுத்தவளைக் கட்டி வெயிலில் போட்ட இரும்புக் குண்டு அதே முற்றத்தில் இன்னும் கிடக்கிறது. கேப் கோஸ்டில் ஆண்களை வைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம். கீழே அழைத்துப் போய் ஒரு கட்டத்தில் விளக்கை அணைப்பார்கள், உயரத்தில் இருக்கிற சின்னத் துவாரத்தின் வெளிச்சம் மட்டும் இருக்கும், தரையில் கழிவு ஓட வெட்டிய வாய்க்கால் காலில் தட்டும். அப்புறம் கப்பலுக்குப் போகும் வாசல், ‘திரும்ப முடியாத கதவு’ என்று சொல்வார்கள். அதைத் தாண்டினால் இன்றைக்கு மீனவர்களின் வண்ணப் படகுகளும் காயப்போட்ட வலைகளும்தான்.

நம் கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சுற்றிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் ரம், துப்பாக்கி, வெடிமருந்து கொடுத்து ஆட்களை வாங்கியதைத்தான் சொல்வார்கள். துணியும் அதில் பெரிய சரக்கு. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய பருத்தித் துணிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து இந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து தங்கத்துக்கும் மனிதர்களுக்கும் பண்டமாற்றாகப் போயின. அந்த நெசவாளிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். இந்தக் கோட்டைகளை வெள்ளைக்காரனுக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவே நடந்த விஷயம் என்று தள்ளி நின்று பார்க்க நம்மால் முடியாது.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், கோட்டையையும் பக்கத்தில் இருக்கிற ககூம் காட்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். காலையில் தொங்குபாலம், மத்தியானம் கோட்டை, சாயங்காலம் கடற்கரையில் பிரியாணி என்று வேன் எடுத்து வருகிற குழுக்கள் உண்டு. நிலவறைக்குள் நின்று சிரித்தபடி குரூப் போட்டோ எடுப்பதை, தங்கள் முன்னோரைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்து அழுதுகொண்டு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். ஒரு இரவு தங்குங்கள். கோட்டைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளை நிலவறைக்குள் அழைத்துப் போவதா என்பது உங்கள் முடிவு, பத்து வயதுக்கு மேல் என்றால் அழைத்துப் போகலாம் என்பது என் கருத்து, முதல் நாளே கொஞ்சம் சொல்லித் தயார் செய்துவிடுங்கள்.

மறுநாள் ககூம். 1995இல் திறந்த தொங்குபாலம், மரத்துக்கு மரம் கயிற்றில் கட்டிய ஏழு பாலங்கள், மொத்தம் சுமார் 350 மீட்டர், சில இடங்களில் கீழே 40 மீட்டர் பள்ளம். பள்ளிக் கூட்டம் வருவதற்குள், திறந்த உடனே போய்விடுங்கள். யானை பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள், காட்டில் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது.

அங்கிருந்து அக்ரா திரும்பாமல் குமாசிக்குப் போகிறவர்கள் வழியில் அசின் மான்சோவில் நிறுத்துங்கள். வடக்கிலிருந்து நடத்தியே கொண்டுவரப்பட்டவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு அது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரைக்குப் போவார்கள். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த இருவரின் எச்சங்களை 1998இல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

குமாசி, அசாந்தி இன மக்களின் மன்னர் இருக்கும் ஊர். இங்கே மன்னர் என்றால் பழம்பெருமைக்காக வைத்திருக்கும் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். நிலத் தகராறு முதல் ஊர்ப் பிரச்சினை வரை இன்றும் அரண்மனைக்குப் போகிறது. 1896இல் பிரெம்பே மன்னரை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டுபோய் முதலில் எல்மினா கோட்டையில் வைத்தார்கள் (அந்த அறையை அங்கே காட்டுவார்கள், மறக்காமல் கேட்டுப் பாருங்கள்), பிறகு சியரா லியோன், அப்புறம் செஷல்ஸ் தீவு. 1900இல் ஆங்கிலேய ஆளுநர், அசாந்திகள் தங்கள் இனத்தின் உயிராகவே போற்றும் தங்க முக்காலியைக் கேட்டபோது யா அசான்தேவா என்ற அரசி படை திரட்டிப் போருக்கு நின்றாள். முக்காலி கடைசி வரை கிடைக்கவில்லை. 1924இல் திரும்பிவந்த பிரெம்பேக்காகக் கட்டிய வீடுதான் இன்றைய மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம். அந்த வீட்டை அசாந்திகள் ஆங்கிலேயரிடமிருந்து இனாமாக வாங்கிக்கொள்ளவில்லை, முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத்தான் மன்னரைக் குடியேற்றினார்கள். ஆங்கிலேயரோடு நடந்த 1874 போரில் கொள்ளைபோன தங்கப் பொருட்களில் சில 2024இல் லண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து இங்கே வந்தன, அதுவும் திருப்பித் தரவேண்டிய கடனாக. அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை அரண்மனையில் அக்வாசிடே விழா. பெரிய பெரிய குடைகள், தங்கம் பூட்டிய கைகள், ஆள் உயர முரசுகள், மன்னர் முன்னால் வந்து வணங்கும் தலைவர்கள் என்று கண்கொள்ளாக் காட்சி. அந்தத் தேதியைப் பார்த்தே குமாசிப் பயணத்தை வையுங்கள். மன்னரிடமோ எந்த ஊர்த் தலைவரிடமோ நேரடியாகப் பேசும் வழக்கம் கிடையாது, பக்கத்தில் கோல் பிடித்து நிற்பவர் மூலமாகத்தான் பேச வேண்டும்.

குமாசிக்கு வெளியே போன்வைர், அடன்வோமாசே இரண்டும் கென்டே நெசவு ஊர்கள். அவசரப்படாமல் ஒரு தறி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாவு நூல் தறிக்கு முன்னால் பல அடி தூரம் தரையோடு நீண்டு, நுனியில் கல் ஏற்றிய ஒரு பலகையில் கட்டியிருக்கும், நெய்ய நெய்ய அந்தக் கல் இழுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெசவாளியை நோக்கி நகர்ந்து வரும். பாவு நூலை ஏற்றி இறக்கும் விழுதுகளை மிதிக்க மிதிபலகை கிடையாது, கால் விரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பார். கையகல நாடாவாகத்தான் வரும், பல நாடாக்களைச் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு துணி. டிசம்பர் 2024இல் இந்த நெசவை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அக்ராவில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கென்டே மாதிரி அச்சடித்த துணி. நெய்தது வேண்டுமென்றால் இங்கே, நெய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், ரொம்பவும் பேரம் பேசாதீர்கள். முழுத் துணி வாங்க முடியாவிட்டால் ஒரு நாடா வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே போசோம்ட்வே ஏரி. பத்து லட்சம் வருடத்துக்கு முன்னால் விண்கல் விழுந்த பள்ளம், சுற்றிலும் மலை. இரும்பு அந்தத் தண்ணீரில் படக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, அதனால் மீனவர்கள் ஒற்றை மரப்பலகையில் படுத்தோ உட்கார்ந்தோ கையாலேயே துழாவிப் போவார்கள்.

வடக்கே மோலே தேசியப் பூங்கா போக தமாலே வரை விமானத்தில் போய் அங்கிருந்து கார் எடுப்பதே நல்லது, அக்ராவிலிருந்து சாலை வழி என்றால் ஒரு முழு நாள் போய்விடும். துப்பாக்கி ஏந்திய காவலரோடு நடந்தே போய் யானை பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் வற்றுவதால் யானைகள் குளத்துக்கு வரும். வழியில் லாராபங்காவில் மண்ணும் மரக்கட்டையும் வைத்துக் கட்டிய பழைய பள்ளிவாசல், வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கிழக்கே வோல்ட்டா பக்கம் 1965இல் கட்டிய அகோசோம்போ அணை, வ்லி அருவி, கையிலிருந்து வாழைப்பழம் பிடுங்கித் தின்னும் டாஃபி அடோமே குரங்குகள் என்று பிள்ளைகளுக்குப் பிடித்தவை. ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் ஷாய் மலையும் அபூரி தாவரத் தோட்டமும்.

சில நடைமுறை விஷயங்கள். மலேரியாவை அலட்சியம் செய்யாதீர்கள், பயணம் முடிந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை இங்கே சட்டப்படி தடை, பிள்ளைகளின் டிரவுசர் உட்பட ஊரிலிருந்து கொண்டுவந்ததை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ராணுவ இடங்கள், விமான நிலையம் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், முதலில் நலம் விசாரித்துவிட்டு. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலது கைதான், இதில் நமக்குப் பிரச்சினை இல்லை. நுழைவுக் கட்டணம் கானாக்காரருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று; குடியிருப்பு அட்டையைக் காட்டிக் கேட்டால் சில இடங்களில் குறைப்பார்கள். மொபைல் மணி பெரும்பாலும் எங்கும் செல்லும், ஆனாலும் சில்லறையாகக் கொஞ்சம் செடி (கானாவின் பணம்) நோட்டுகள் வைத்திருங்கள். சைவர்கள் ஷிட்டோ துவையலைத் தொட வேண்டாம், கருவாடும் இறாலும் போட்டது. ஜொல்லோஃப் சாதத்தைக்கூட இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். வறுத்த வாழைப்பழத்தோடு தரும் ‘ரெட் ரெட்’ பயறுக் குழம்பை மீன் போடாமல் கேட்டு வாங்குங்கள், ராத்திரி தெருவோரத்தில் இஞ்சி மசாலா தடவிப் பொரிக்கும் வாழைப்பழத் துண்டுகளான கெலேவேலேவை நம்பிச் சாப்பிடலாம்.

அக்ராவை மறந்துவிடாதீர்கள். 1957 மார்ச் 6 நள்ளிரவில் விடுதலை அறிவித்த அதே இடத்தில் நாட்டின் முதல் அதிபர் இன்க்ரூமாவின் நினைவிடம் இருக்கிறது. ஓடோர்கோரில் இந்து மடம் ஒன்று உண்டு, கானாவில் பிறந்து ரிஷிகேஷில் பயின்று வந்த சுவாமி கனானந்த சரஸ்வதி 1975இல் தொடங்கியது. பூசை செய்பவர்களும் பக்தர்களும் கானாக்காரர்களே. பிள்ளையார் சதுர்த்திக்கு அங்கே போய்ப் பாருங்கள், மரியாதையாக வரவேற்பார்கள்.

கடைசியாக, தமிழ்ச் சங்க நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்கள் பழைய பஞ்சம் ஒன்று தீர்ந்ததை நினைத்து ஹோமோவோ விழா எடுக்கிறார்கள். அதற்கு முன் மே, ஜூன் வாக்கில் சுமார் ஒரு மாதம் முரசடிக்கவும் சத்தம் போடவும் தடை, தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாட்களில் பறை, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தத் தேதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடை முடிந்து விழா நாளில் பக்கத்து வீட்டுக்காரர் பாமாயில் கலந்த போக்போய் மாவும் மீன் குழம்பும் சாப்பிடக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.