ஆடிப்பட்டம் டர்பனுக்கு ஆகாது: ரெட் ஹாட் போக்கர் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரியம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் சமயத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டார ஈர நிலங்களில் ஆரஞ்சு நிறத்தில் தீவட்டி போல ஒரு பூ நிமிர்ந்து நிற்கும். நர்சரியில் ரெட் ஹாட் போக்கர் என்று கேட்டால் கொடுப்பார்கள். தாவரவியலில் நிஃபோஃபியா. இதில் ஏறத்தாழ 70 வகைகள் உண்டு, பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவில்தான். கிழக்கு கேப்பிலிருந்து குவாசூலு-நட்டால் வரை கடலோரச் சதுப்புகளில் வளரும் ரூப்பரி வகை குளிர்காலத்தில் பூக்கும். கற்றாழையோடு சேர்ந்து, பூ குறைந்த மாதங்களில் தேன்சிட்டுக்கும் தேனீக்கும் சோறு போடுவது இதுதான்.

சொந்த மண்ணின் செடி, தானே வளரும் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். வளரத்தான் செய்யும், நாம் வேறு ஊர்ப் பழக்கத்தை அதன் மேல் திணிக்காதவரை.

முதலில் விதைக்கும் காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தென்மேற்குப் பருவமழையை நம்பிய ஊருக்குச் சொன்னது. இங்கே ஆடி என்பது மழை குறைந்த குளிர்காலம். டர்பனுக்கு மழை அதிகம் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். ஆகவே தட்டில் விதை தூவ ஆவணிக் கடைசி, புரட்டாசிதான் சரி. மெல்லிய மண் மூடாக்கு போதும். ஆனால் முளைத்த நாற்று ஒருநாள் வெயிலில் காய்ந்தாலும் போய்விடும், ஈரம் விடக்கூடாது. பூவுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்; முதல் வருடமே பூக்கவில்லை என்று பிடுங்கி எறிபவர்களை என்ன சொல்வது!

அடுத்தது தண்ணீர். அதிகமாகச் செடி சாவது இதில்தான். சதுப்புச் செடி என்றதும் சிலர் தொட்டியின் அடித்துளையை அடைத்து, தண்ணீர் தேங்கவிட்டு வைக்கிறார்கள். காட்டில் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள்: மண் ஈரமாக இருக்கும், ஆனால் நீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். குருத்து கிளம்பும் கழுத்துப் பகுதி மண் மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்து, அதன்மேல் தண்ணீரும் தேங்கினால் அழுகல் நிச்சயம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டர்பன் நகரின் பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியின் சிவப்பு மணலில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. மக்கிய உரத்தை நிறையக் கலந்து, மேலே இலைச்சருகு மூடாக்கு போட்டால்தான் ஈரம் தங்கும்.

உங்கள் மண் எந்த ரகம் என்று தெரிய, ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் அப்படியே நின்றால் களிமண், அங்கே பாத்தியை மேடாக்கி நடுங்கள். சட்டென வடிந்தால், கூரைத் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டு ஒரு சிறு பள்ளத்தில் நடலாம். அந்தப் பள்ளத்தைச் சுவரை ஒட்டியோ சரிவின் விளிம்பிலோ மட்டும் வெட்டாதீர்கள். டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் மண்சரிவையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சைச் சாணமும் யூரியாவும் போட்டால் இலை செழிக்கும், பூ குறையும். நிழலில் நட்டாலும் அதே கதைதான்.

பூவை வெட்டுவதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தப் பூங்கொத்து கீழிருந்து மேலாக மலரும். மேலே சிவந்த மொட்டு, கீழே மஞ்சளாகிவிட்ட குழல்பூ. மஞ்சளைப் பார்த்து வாடிவிட்டது என்று கத்தரியை எடுக்கிறோம், ஆனால் தேன் ஊறி நிற்பது அந்த விரிந்த பூக்களில்தான். சாமிக்கும் ஜாடிக்கும் வேண்டுமானால் ஒன்றிரண்டு தண்டு எடுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். விதை வேண்டுமென்றால் காய் உலரும் வரை தண்டைத் தொடக்கூடாது.

மருந்து அடிப்பது இன்னொரு வம்பு. இலை அடியில் மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் போதும். வேரில் ஊற்றும் ஊடுருவும் பூச்சிக்கொல்லி தேனுக்குள்ளும் மகரந்தத்துக்குள்ளும் போய்ச் சேரும். தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியும் சிலந்தியும். கூடு பின்னவும் சிலந்தி நூல் வேண்டும். பூச்சியே இல்லாத தோட்டத்துக்குப் பறவை ஏன் வர வேண்டும்?

வாங்கும்போது வகைப்பெயரைக் கேளுங்கள். பளபளப்பான நர்சரிக் கலப்பினங்கள் அருகில் உள்ள காட்டு வகைகளோடு எளிதில் கலந்துவிடும். ரிச்சர்ட்ஸ் பே அருகே வெள்ளைப்பூ பூக்கும் லியூகோசெஃபலா என்ற வகை அழிவின் விளிம்பில் நிற்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் கலப்பினத்தைத் தொடாமல் இருப்பதே மேல். குவாசூலு-நட்டாலின் உட்பகுதியான மிட்லண்ட்ஸ் மேட்டுப் பகுதிக்காரர்களுக்கு லீனியரிஃபோலியா பொருந்தும், அது கோடைக் கடைசியில் பூக்கும். எந்த வகையானாலும் ஓடைக்கரையிலிருந்து கிழங்கோடு தோண்டி வராதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம், அப்படிக் கொண்டுவந்தவை பிழைப்பதும் கஷ்டம்.

ஒற்றைச் செடியாக நடாமல் ஐந்தாறு சேர்த்து நடுங்கள், பறவை கண்ணில் படும். நட்ட பிறகு மூன்று நான்கு வருடம் பிரிக்க வேண்டாம். வேரைக் கலைத்தால் கோபித்துக்கொண்டு அடுத்த பருவம் பூக்காமல் இருந்துவிடும்.

பக்கத்தில் என்ன நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பாட்டி காலத்திலிருந்து வீட்டோரம் இருக்கும் காட்டுக் கல்வாழையும், வாசனைக்காக வைக்கும் இஞ்சி லில்லியும் இங்கே ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் இருப்பவை. ஈர நிலத்தில் விட்டால் மற்றதை மூடிவிடும். அதற்குப் பதில் வெள்ளை ஆரம் லில்லி வைக்கலாம். இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் டிசோட்டிஸ் இன்னும் நல்லது: பெரிய தச்சுத்தேனீ வந்து உறுமி உலுக்கித்தான் அதன் மகரந்தத்தை எடுக்கும், பக்கத்தில் நின்றால் சத்தமே கேட்கும்.