பியூட்டிஷியன் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி போன பேட்ச் பத்தி எப்படி விசாரிக்கணும்

கடலூர் மஞ்சக்குப்பத்துல நின்னாலும் சரி, புதுச்சேரி நேரு வீதில நின்னாலும் சரி, 'பியூட்டிஷியன் கோர்ஸ், 100% வேலை உறுதி'ன்னு ஒரு பேனர் கண்ணுல படும், அந்த ஒரு வரிய நம்பி நகைய அடகு வச்சு பீஸ் கட்டுற பொண்ணுங்கள எனக்கு தெரியும், அதனாலதான் இத எழுதுறேன்.

போனதும் பீஸ் எவ்ளோன்னு கேக்காதீங்க. போன பேட்ச்ல எத்தன பேர் சேர்ந்தாங்க, எத்தன பேர் முடிச்சாங்க, எத்தன பேர் இப்ப சம்பாதிக்கிறாங்க, இந்த மூணையும் கேளுங்க. 20 பேர் சேர்ந்து 12 பேர் முடிச்சு, அதுல 6 பேர் மட்டும் வேலை கேட்டு 6 பேருக்கும் கெடைச்சா அவங்க 100%னு போட்டுக்கலாம், ஆனா சேர்ந்தவங்க கணக்குல பாத்தா அது 30% தான். அமெரிக்கால பியூட்டி ஸ்கூல்களுக்குன்னே நாக்காஸ்னு (NACCAS) ஒரு அங்கீகார அமைப்பு இருக்கு, அதுல இருக்கற ஸ்கூல்கள் வருஷா வருஷம் கணக்கு காட்டணும், குறைஞ்சது 50% பேர் கோர்ஸ முடிக்கணும், 60% பேருக்கு வேலை கெடைக்கணும், லைசென்ஸ் பரீட்சைல 70% பாஸ் ஆகணும். நம்ம ஊர்ல பார்லர் வேலைக்கு அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது, கணக்க நாமதான் கேட்டு வாங்கணும்.

அடுத்த கேள்வி ரொம்ப முக்கியம், வேலைக்கு போனவங்க ஆடி மாசத்துலயும் அங்கயே இருந்தாங்களா? நான் படிச்ச எடத்துல என்னையும் வேலை கெடைச்சவங்க லிஸ்ட்ல எழுதிட்டாங்க, ஆனா அது ஆனி முகூர்த்தத்துக்கு புடவை மடிப்பு எடுக்கவும் பூ வைக்கவும் கூப்ட்ட 15 நாள் வேலை, ஆடி பொறந்ததும் வர வேணாம்னுட்டாங்க.

கூட யாரு படிக்கிறாங்கன்னும் பாருங்க. புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வர்றவங்க பேட்ச் வேற, காலேஜ் முடிச்சிட்டு சலூன் வேலை தேடுற பொண்ணுங்க பேட்ச் வேற. எங்க பேட்ச்ல நெல்லிக்குப்பத்துலேந்து பஸ்ல வர்ற அக்கா ஒருத்தங்க, நூல பல்லுல கடிச்சுக்கிட்டு தன் முழங்கால்லயே த்ரெட்டிங் பழகுவாங்க, கால் பூரா செவந்து கெடக்கும், இப்ப வீட்டு முன்ரூம்லயே பார்லர் வச்சு நல்லா ஓடுது. ஸ்கூல் லிஸ்ட்ல அவங்க பேரே இல்ல! வீட்லயே தொழில் பண்ணணும்னு நெனைக்கிறவங்க, சொந்தமா பார்லர் தொறந்தவங்க எத்தன பேர்னு தனியா கேளுங்க.

சொல்றத அப்படியே நம்பாம பழைய ஸ்டூடண்ட் மூணு பேர்ட்ட பேசணும்னு கேளுங்க, தயங்குனாங்கன்னா அவசரப்பட்டு பணம் கட்டாதீங்க. பக்கத்து சலூன் ரெண்டுல போய் எந்த எடத்துல படிச்சவங்கள வேலைக்கு எடுக்குறீங்கன்னும் விசாரிங்க, அவங்க ஒளிக்காம சொல்லுவாங்க.

சர்டிபிகேட் யாரு குடுக்குறாங்கன்னும் பாத்துக்கோங்க. ஐடிஐல காஸ்மெட்டாலஜி 1 வருஷ ட்ரேட், பத்தாவது பாஸ் போதும், அது அரசாங்க சர்டிபிகேட். தனியார்ல அவங்க லெட்டர்ஹெட்ல அடிச்சு குடுக்குறதா இல்ல பியூட்டி துறைக்குன்னு இருக்கற ஸ்கில் கவுன்சில்ங்கற வெளி அமைப்பு பரீட்சை வச்சு குடுக்குறதான்னு கேளுங்க. எத்தன மணி நேரம் கிளாஸ், நெஜ ஆளுங்க மேல எத்தன பிரைடல் மேக்கப் போட விடுவாங்க, பாதில நின்னா எவ்ளோ திருப்பி தருவாங்க, எல்லாத்தயும் பீஸ் ரசீதுலயே எழுதி சீல் போட்டு வாங்கிட்டு அப்புறம் பணத்த எடுங்க.