அம்பாப் பாட்டைத் தேடி இராமநாதபுரக் கரைக்கு

இராமநாதபுரக் கடற்கரையில், மீனவர்கள் வேலை செய்துகொண்டே பாடும் அம்பாப் பாட்டைக் கேட்க விரும்பி வரும் நம்மவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது காற்றை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்க, பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்காரர்களும் அமைதியான கடலை நாடியே செல்வதால், எந்தக் கரையில் வலை வளைக்கிறார்கள் என்பதைப் பாம்பனில் இறங்கியதும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது, நாட்டுப்படகுகளைக் கட்டுப்படுத்தாது. கிறிஸ்தவர் மிகுந்த ஊர்களில் ஞாயிறு பொதுவாக ஓய்வுநாள்.

மதுரையிலிருந்து இரயிலில் பாம்பனை அடையலாம்; 1914ஆம் ஆண்டுப் பாலத்துக்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியும் பாம்பனில்தான் உள்ளது. பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்துப் பாடிவரும் கலைஞர் யாரேனும் உண்டா என்று அங்கே கேட்பது நல்லது.

அவரைக் கண்டதும் கைப்பேசியை நீட்டாதீர்கள். ‘ஐயா’ என்றோ ‘அண்ணே’ என்றோ அழைத்து, முதலில் கடலைப் பற்றிப் பேசுங்கள். அம்பா மேடைக்குப் பிறந்த பாட்டன்று. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’, ‘ஐலசா’ என்று ஏற்றுப் பாடி, அந்த ஏற்பில்தான் கயிற்றை இழுப்பார்கள். வலையின் பாரத்துக்கேற்ப நடை மாறும். கேலியும் வேண்டுதலும் அங்கங்கே புதிதாக வந்து சேரும். இயந்திரம் வந்தபின் தண்டு வலிக்கும், அதாவது துடுப்புப் போடும், பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. நாற்காலியில் அமர்ந்து பாடும்போது இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவிலுள்ள மூச்சு தொலைந்துவிடுகிறது என்பது என் கருத்து. ஆகவே, ஒரு கயிற்றை மரத்தில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பாடும்படி வேண்டிக்கொள்ளுங்கள். நீங்களும் மறுமுனையைப் பிடித்து ஏற்றுப் பாடலாம், வெட்கம் தேவையில்லை.

அவர் அன்று கடலுக்குப் போகாமல் இழந்த வருமானத்துக்குக் குறையாமல் கொடுங்கள். பாட்டை யாரிடம் கற்றார், எந்த வேலைக்கு உரியது என்பதை அவர் குரலிலேயே பதிந்து, ஊர் திரும்புமுன் ஒரு பிரதியை அவர் வீட்டாரின் கைப்பேசியில் ஏற்றிவிடுங்கள்.

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் மன்னார்ப் பக்கத்திலுள்ள தலைமன்னாருக்கும் இடையே 1964 புயல் வரை கப்பல் ஓடியது. அந்தப் பழைய தொடர்பை நினைத்து, மன்னார்ப் பக்கத்து மூத்தவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் நினைவிலுள்ள அம்பா ஒன்றைப் பதிந்து எடுத்து வந்து கலைஞரிடம் போட்டுக்காட்டுங்கள். எத்தனை கேள்விகள் கேட்டாலும் பாடத் தயங்குபவர், அதைக் கேட்டதும் தாமாகவே அடியெடுப்பார்.