வெள்ளைப் பூவை நான்கு வண்ணங்களில் வரைந்து பழகுதல்

பூக்களை வரையத் தொடங்குகிறவர்கள் புதிய வண்ண வகை ஒன்றை வாங்கியதும், வரையும் பூவையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். நேற்று நீர்வண்ணத்தில் செம்பருத்தி, இன்று அக்ரிலிக்கில் சூரியகாந்தி என்று போனால், படம் மாறியதற்குக் காரணம் பூவா வண்ணமா என்பது விளங்காமலே போகும். ஆகவே பூவை மாற்றாமல் நீர்வண்ணம், குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்), அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் என்று வண்ண வகையை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்தப் பூ வெள்ளையாகவும் இருக்கட்டும். சிவப்பு ரோஜாவில் நிறத்தின் கவர்ச்சியே பல குறைகளை மூடிவிடும். வெள்ளைப் பூவிலோ நிழலைக் கொண்டு மட்டுமே இதழின் வளைவைக் காட்ட முடியும். வெண்மையைப் பெறும் வழியும் வண்ணத்துக்கு வண்ணம் வேறுபடுவதால், ஒவ்வொன்றின் இயல்பும் அங்கே தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

மூன்று பூக்களும் இரண்டு இலைகளும் போதும். அவற்றை ஒளி ஊடுருவாத, வேலைப்பாடற்ற சாடியில் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி அமைத்து, பின்னால் மங்கிய பச்சையோ சாம்பலோ ஆன துணியைத் தொங்கவிடுங்கள். சன்னல் வெளிச்சம் அழகானதுதான், ஆனால் வெயில் நகர நகர நிழலும் நகரும் என்பதால், நிழலின் எல்லையை முதலிலேயே கோடிட்டு வைத்துவிட்டுப் பிறகு அதை மாற்றாதிருப்பது நல்லது. காம்புகளைச் சாய்வாக வெட்டிக் குளிர்ந்த நீரில் வையுங்கள். எது முதலில் வாடுமோ அதை முதலில் வரையுங்கள். துலிப் போன்றவை வெட்டிய பின்னும் வளர்ந்து வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். அவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவங்களில் மலரும் பூக்களை ஒரே சாடியில் காட்டியது, ஒவ்வொரு பூவையும் அது பூத்த காலத்தில் தனியே பார்த்து வரைந்து வைத்திருந்த பயிற்சிப் படங்களின் துணையால்தான். உங்கள் பூக்கள் வாடும்முன் அத்தகைய சிறு படங்கள் சிலவற்றைப் பென்சிலில் வரைந்து வைத்துக்கொண்டால், நான்கு வண்ணங்களுக்கும் அவையே அடிப்படையாக உதவும்.

தூரிகையைத் தொடுமுன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இதழ்களின் விவரம் மறைந்து வெளிச்சம், இடைநிலை, இருள் என்ற மூன்று பகுதிகள் மட்டும் எஞ்சும். அப்போது ஓர் உண்மை புலப்படும்: நிழலில் இருக்கும் வெள்ளை இதழ், வெளிச்சம் படும் சாம்பல் துணியைவிட இருண்டதாக இருக்கக்கூடும். பூ வெள்ளை என்று மனம் சொல்வதை நம்பாமல் கண் காண்பதை நம்பினால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

முதலில் நீர்வண்ணம். இங்கே வெள்ளை என்பது காகிதமே. எனவே சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தில், பூவை வரையாமல் அதைச் சுற்றியுள்ள இருளை வரைவதிலிருந்து தொடங்க வேண்டும். பின்னணி படியப் படிய, தீண்டாமல் விட்ட இடம் பூவாக எழுந்து வரும். இதழ் நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தையும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் நிறைய நீர்விட்டுக் கலந்தால் இதமான சாம்பல் கிடைக்கும். பூவின் நடுவில் அதோடு சிறிது மஞ்சள்பச்சையும், சாடிக்கு அருகே சாடியின் நிறச் சாயலும் சேரட்டும். காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால் நினைப்பதைவிடச் சற்று அழுத்தமாகவே இடுங்கள். சில விளிம்புகளை ஈரத்தோடு ஈரம் சேர்த்துக் கரையவிடுங்கள். எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் பூ காகிதத்தில் வெட்டி ஒட்டியதாகத் தோன்றும். ஈரம் பாதி காய்ந்திருக்கையில் நீர் மிகுந்த தூரிகையை வைத்தால் நிறம் ஒதுங்கிக் கிழிந்த கரைபோலப் பரவும். அந்த நிலையில் பொறுத்திருப்பதே திறமை. வெள்ளையைக் காக்கும் மறைப்பு ரப்பர் திரவம் இதழுக்குக் கடினமான விளிம்பைத் தருவதால், பழகும் காலத்தில் அதைத் தவிர்க்கவே சொல்வேன்.

குவாஷில் வெள்ளையை மேலே வைக்கலாம் என்பதால், சாம்பல் நிறக் காகிதத்தில் தொடங்குவது பொருத்தம். வெளிர் கலவைகள் காயும்போது சற்று இருள்வதும் இருண்டவை வெளிர்வதும் இதன் குணம். ஒவ்வொரு கலவையையும் ஓரத்தில் தடவிக் காயவைத்துப் பாருங்கள். வெறும் டைட்டானியம் வெள்ளை சுண்ணாம்புத் தன்மையைத் தரும். வெளிச்சப் பக்கம் துளி மஞ்சளும் நிழல் பக்கம் துளி நீலமும் சேர்த்தால் அது உயிர்பெறும். காய்ந்த படலமும் நீர் பட்டால் மீண்டும் கரையும் என்பதால், மேற்பூச்சைக் கெட்டியாக ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

அக்ரிலிக் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் நீரில் கரையாது. ஆகவே மெல்லிய நிறப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இதைவிட வசதியானது இல்லை. இதழின் மென்மையான விளிம்புக்கு இதைவிடக் கடினமானதும் இல்லை. வண்ணம் கலக்கும் தட்டின்மேல் அவ்வப்போது நீரைத் தெளித்து வையுங்கள். தூரிகையை உடனுக்குடன் கழுவுங்கள்.

எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருப்பதால், நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மென்மையாக்கலாம். இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சென்று, கெட்டியான வெள்ளையைக் கடைசியில் வையுங்கள். கீழ்ப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறாக வைத்தால், மெதுவாக உலரும் அடிப்பகுதியின்மேல் முன்பே இறுகிய மேற்பகுதி வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளை இதழ்களுக்கு வால்நட் எண்ணெயோ குசும்ப எண்ணெயோ மேல். உலர்ந்த அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெயின்மேல் அக்ரிலிக் பூசக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் போடுங்கள்.

வெள்ளைப் பூ கைவந்தபின் நிறப் பூக்களுக்குச் செல்லும்போது, வண்ணத்துக்கு நிறம் தரும் பொருளான நிறமி வெயிலைத் தாங்குமா என்று பார்ப்பது அவசியம். வின்சென்ட் வான் கோ 1890 மே மாதத்தில் இளஞ்சிவப்புப் பின்னணியில் வரைந்த ஊதா ஐரிஸ் மலர்ப் படத்தில் அந்தப் பின்னணி இன்று ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. அதே காலத்தில் அவர் வரைந்த இளஞ்சிவப்பு ரோஜாக்களும் வெளுத்துவிட்டன. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் ஒளியில் நிலைக்காதது. இன்றும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் ஒளிரும் இளஞ்சிவப்புகளும் மங்கக்கூடியவை. பிவி 19 (PV19) என்ற நிறமிக் குறியீடு கொண்ட குவினாக்ரிடோன் ரோஜா நிறம் நன்றாக நிலைக்கும். குழாயின்மேல் அச்சிட்ட கவர்ச்சிப் பெயரை விட்டுவிட்டு நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். ஐயம் இருந்தால் அந்த நிறத்தைக் காகிதப் பட்டையில் தடவி, பெயரையும் தேதியையும் எழுதி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் சில மாதங்கள் ஒட்டி வைத்து, பிறகு அட்டையை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.